பதினாறில் மூன்று தாய்க்கு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் உருவானபோது ஏரியும் கழனியுமாய் ஒரு கிராமமாக இருந்த அயனம்பாக்கம், இன்று வானகரம்–அம்பத்தூர் சாலையை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்க, உத்தியோகத்தின் பொருட்டு வெளியூர்களிலிருந்து வந்து சேர்ந்த இளந்தம்பதிகளின் வாசஸ்தலமாகிவிட்டது. அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் ஊரில் இருக்கிறார்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவரோ இங்கே இருக்கிறார். வளைகாப்பு முடிந்த கையோடு பிறந்தகம் சென்று, குழந்தைக்குத் தலை நின்ற பிறகே திரும்பி வருவது வழக்கமாயிருக்க, இப்போது பெண்கள் பலர், மாதாமாதம் பரிசோதித்த மருத்துவரிடமே பிரசவமும் ஆகட்டும் என்று இங்கேயே தங்கிவிடுகிறார்கள். அப்படித் தங்கும்போது, வீட்டில் ஒரு பெரியவள் இருந்தால் சொல்லியிருக்கக்கூடிய விஷயங்களையெல்லாம் சொல்வதற்குக் கைப்பேசியும் கடைக்காரரும் முன்வருகிறார்கள். தலைப்பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, வாங்க வேண்டிய சாமான்களின் நீண்ட ஜாபிதா ஒன்று கணவன் கையில் வந்து சேர்ந்துவிடுகிறது.

பால்புட்டிகள், அவற்றை நீராவியில் சுத்திகரிக்க ஒரு மின்சாதனம், பாலைச் சூடாக்க இன்னொன்று, நான்கு சக்கரத் தள்ளுவண்டி, வட்டமான சக்கர நடைவண்டி, தொட்டிலின் உட்புறத்துக்கு மெத்தைச் சுவர்கள், தலை உருண்டையாவதற்குக் கடுகுத் தலையணை, பவுடர், லோஷன், ஷாம்பு என்று அந்த ஜாபிதா நீள்கிறது. வாடகையும் கடன் தவணையும் போக மீந்ததைச் சேர்த்து வைத்திருக்கும் தம்பதிகள், குழந்தைக்கு எதிலும் குறை வைத்துவிடக் கூடாதே என்ற பயத்தினால் ஒவ்வொன்றாக வாங்கிக் குவிக்கிறார்கள். அந்தப் பயம் அன்பின் இன்னொரு ரூபம்; அதை நான் குறை சொல்ல மாட்டேன். பணம் விரயமாவதும் ஒரு நஷ்டந்தான். ஆனால் அவ்வளவு நீண்ட பட்டியலில் பெற்றவளுக்கென்று ஒரு பொருளும் எழுதப்படாமற் போகிறதே, அந்த நஷ்டத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

இதைவிட மிகச் சிறிய பட்டியல் ஒன்றை நம் மாநில அரசே ஒரு சமயம் எழுதியது. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, 2015ஆம் ஆண்டு செப்டம்பரில், அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் ஏறத்தாழ 1,000 ரூபாய் பெறுமானமுள்ள 16 இனங்கள் இருந்தன. துவாலை, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, ஒரு பொம்மை ஆகியவை குழந்தைக்கு. கை கழுவும் திரவமும், குளிக்கும் சோப்பும், சௌபாக்கிய சுண்டி லேகியமும் தாய்க்கு. எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு பெட்டகம். அரசியல் அபிப்பிராயங்களை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பட்டியலை நிதானமாக வாசிப்பவர்களுக்கு, அதை எழுதியவர்களில் யாரோ ஒருவர் பிரசவித்த பெண்ணின் அருகே இருந்து பார்த்தவர் என்பது விளங்கும்.

கை கழுவும் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த சிசுவுக்கு நோய் வருவதற்குள்ள வழிகளில் மிகச் சாதாரணமானது, கழுவாத கை. தாயின் கை மாத்திரமல்ல. குழந்தையைப் பார்க்க வருகிற அத்தை, சித்தப்பா, பக்கத்துவீட்டு மாமி, அலுவலக நண்பர்கள் எல்லோருடைய கையுந்தான். பச்சையுடம்புக்காரி ஒருத்தி, வீடு தேடி வந்த பெரியவர்களைப் பார்த்து, கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று சொல்லக் கூசுவாள். வாசலுக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் சோப்பும் துவாலையும் வைத்து, வருபவர்களைப் பக்குவமாக அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பைக் கணவன் ஏற்றுக்கொண்டால் அவளுக்கு அந்தச் சங்கடம் இராது. லேகியமோ, சித்த வைத்தியமும் பாட்டி வைத்தியமும் பிரசவித்தவளின் ஜீரணத்தையும் தெம்பையும் நினைத்துக் கிண்டிவைத்த பழைய மருந்து. அதன் குணங்களைப் பற்றிய விவாதம் எப்படியிருந்தாலும், மருத்துவமனையை விட்டு வெளியேறும் ஏழைப் பெண்ணின் கையில், இது உனக்கு என்று அரசாங்கம் ஒரு டப்பாவைக் கொடுத்ததை நான் பெரிய காரியமாகவே கருதுகிறேன்.

இந்த மாதிரியான பெட்டகத்துக்கு உலகில் ஒரு முன்னோடி உண்டு. பின்லாந்து 1937இல் சட்டம் இயற்றி, 1938 முதல் வசதி குறைந்த தாய்மாருக்குப் பேறுகாலப் பொருள்களை வழங்கியது. 1949இல் அதை எல்லாத் தாய்மாருக்கும் விரித்தபோது, கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரையோ பேறுகால நிலையத்தையோ நாடியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் விதித்தது. குழந்தையின் உடுப்புகளும் சிறு மெத்தையும் கொண்ட அட்டைப்பெட்டிதான் அங்கே பல குழந்தைகளுக்கு முதற் படுக்கை. அந்நாட்டின் சிசு மரணம் வெகுவாகக் குறைந்ததற்கு அந்தப் பெட்டியே காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ பெட்டியைக் காட்டிலும் அந்த நிபந்தனையே உயிர்களைக் காத்திருக்கும் என்று தோன்றுகிறது. பெட்டியை வாங்க வந்தவள் மருத்துவரைப் பார்த்துவிட்டல்லவா வந்தாள்! தெலங்கானா 2017இல் வழங்கத் தொடங்கிய கே.சி.ஆர். கிட் என்னும் பெட்டகத்திலும் குழந்தையோடு தாய்க்கும் பொருள்கள் இருந்தன என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

நமது பெட்டகத்தில் இருந்தவற்றைப் போலவே இல்லாதவையும் கவனிக்கத் தக்கவை. அதில் பால்புட்டி கிடையாது, ரப்பர்ச் சூப்பானும் கிடையாது. தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவையும், பால்புட்டியையும், சிசு உணவுகளையும் விளம்பரம் செய்வதையும், மாதிரியென்றும் பரிசென்றும் இலவசமாகக் கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடைசெய்திருக்கின்றன. அப்படியிருந்தும் ஜாபிதாவில் முதலிடம் பால்புட்டிக்கே கிடைக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றித் தண்ணீர்கூட வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உபதேசம். புட்டியை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்தால், பால் சரியாக ஊறாத மூன்றாம் நாள் நள்ளிரவில், குழந்தை வீறிட்டு அழ, தாயும் களைத்துப்போய் அழ, கை தானாக அந்த அலமாரிக்குத்தான் போகும். அந்த இரவில் அவளுக்குத் தேவைப்படுவது, குழந்தையை எப்படி மார்பில் பொருத்துவது என்று பக்கத்தில் அமர்ந்து காட்டித் தருகிற ஒரு செவிலியின் அரைமணி நேரம். மருத்துவமனையிலிருந்து புறப்படுமுன்பே அதைக் கேட்டுப் பெற்றுவிட வேண்டும்.

வைத்திய காரணத்தினால் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டிய சந்தர்ப்பம் வந்தால், நம்முடைய பாலாடை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறு கிண்ணம். ஒரு பக்கம் விளிம்பு குறுகி ஓடைபோல் நீண்டு மூக்காகிறது. அந்த மூக்கைக் குழந்தையின் உதட்டோரத்தில் வைத்து, அது விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்தால் புரையேறும். மூடியும் திருகும் ரப்பர்க் காம்பும் இல்லாததால் அழுக்கு ஒளிந்துகொள்ள அதில் சந்து கிடையாது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து எடுத்தால் சுத்தமாகிவிடும். குறைமாதச் சிசுக்களைப் பராமரிக்கும் வார்டுகளில் இன்றும் செவிலியர் இதைத்தான் கையாளுகிறார்கள். எவர்சில்வரில் ஒரு பாலாடை அம்பத்தூர்ப் பாத்திரக்கடைகளில் வெகு சொற்ப விலைக்குக் கிடைக்கும். நீராவிச் சாதனம் வேண்டாம்.

துணி விஷயம் சற்று விரிவாகவே சொல்லத் தக்கது. ஏனெனில் முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்கு உண்மையில் தேவைப்படும் சாமான்களில் முக்காலே மூன்று வீசம் துணியாகத்தான் இருக்கும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தாமல், உறவில் நன்றாக வளர்ந்த ஒரு குழந்தையின் பழைய சட்டையை வாங்கிப் போடுகிற வழக்கத்தை மூடநம்பிக்கை என்று இக்காலத்தார் தள்ளிவிடக் கூடாது. நூறுமுறை துவைத்த பருத்திக்கு இருக்கும் மிருது, கடையில் கஞ்சியும் சாயமும் மணக்க மடித்து வைத்திருக்கும் புதுச்சட்டைக்கு வராது. புதியது வாங்கினாலும் ஒருதரம் அலசி வெயிலில் காயவைத்த பிறகே உடுத்த வேண்டும். இடுப்புத் துணிக்குப் பழைய எட்டுமுழ வேட்டியைக் காட்டிலும் உசத்தியான பொருள் எதையும் நான் கண்டதில்லை. சதுரமாகக் கிழித்து, உறுத்தும் தையல் இல்லாமல் ஓரத்தை மாத்திரம் மடித்துவிட்டு, முக்கோணமாக மடித்துக் கட்டினால், நனைந்தது உடனே தெரிகிறது; தெரிந்ததும் மாற்றிவிடுகிறோம். தாய்ப்பால் நன்றாக இறங்கிய பிறகு குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்கும், கழிக்க வேண்டும். பால் போதுகிறதா என்று கலங்கும் தாய்க்கு அதைவிடத் திடமான சாட்சியம் வேறில்லை. டயாப்பர் கட்டிய குழந்தையிடம் அந்தக் கணக்கைப் பார்ப்பது சிரமம்.

எத்தனை துணி வேண்டும் என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது என்பதைக் கைப்பேசி ஜாபிதாக்கள் அறியவில்லை. சித்திரையில் பிறந்த குழந்தைக்குக் காலையில் துவைத்தது ஒரு மணி நேரத்தில் மொட்டைமாடியில் காய்ந்துவிடும். அதற்கு இருபது துணி தாராளம், கையில்லாத மெல்லிய சட்டைகள் நான்கைந்து போதும், கம்பளிக் குல்லாயும் காலுறையும் அந்தப் புழுக்கத்தில் குழந்தைக்கு ஹிம்சை. ஐப்பசி கார்த்திகையில் பிறந்ததற்கோ, சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்க்கிற வடகிழக்குப் பருவத்தில், பால்கனிக் கொடியில் போட்டது இரண்டு நாளானாலும் ஈரவாடை வீசிக்கொண்டிருக்கும். நாற்பது துணி இருந்தாலும் பற்றாது. அந்த மாதங்களில் இரவுக்கும், தடுப்பூசிக்கு மருத்துவமனை செல்லும் பொழுதுக்கும் டயாப்பரை உபயோகிப்பதில் பாதகம் ஒன்றுமில்லை. அதைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பது, இரவெல்லாம் விழித்துத் துணி மாற்றுகிறவளுக்கு இழைக்கும் அநீதி.

ஏரிக்கரையிலும் கூவத்துக்கு அருகிலும் குடியிருக்கிறவர்களுக்குக் கொசுவலையின் அவசியத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பகலில் மடித்து வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். டெங்கியைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. காலை பத்து மணித் தூக்கத்துக்கும் வலை வேண்டும். கரூர்ப் பக்கத்து ஆலைகளில் கொசுவலை ஏராளமாகத் தயாராகிறது. குடைபோல் விரிந்து மடங்கும் சிறிய வலை ஒன்றும், தாயும் சேயும் சேர்ந்து படுக்கிற கட்டிலுக்குப் பெரிய வலை ஒன்றும் இருந்தால் போதும். வாங்கும்போது ஓரத்தைத் தரையில் பரப்பி, விளிம்பு முழுவதும் படிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு விரல் இடைவெளி இருந்தால் உள்ளே புகுந்த கொசு வெளியேற வழியின்றிக் குழந்தையையே சுற்றும். சுருளைக் கொளுத்தி மூடிய அறையில் சிசுவைக் கிடத்துவதோ கூடவே கூடாது.

படுக்கை கெட்டியாக, சமதளமாக இருக்க வேண்டும். குழந்தையை மல்லாத்திப் படுக்கவைக்க வேண்டும். தலையணை, மெத்தைச் சுவர், பஞ்சுப் பொம்மை எதுவும் அதன் முகத்தருகே இருக்கலாகாது. மல்லாத்திப் படுக்கவைக்கும்படி அமெரிக்காவில் 1994 முதல் பெரும் பிரசாரம் நடந்த பிறகு, உறக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் அங்கே பாதியாகக் குறைந்தன; தொட்டில் மெத்தைச் சுவர்களின் விற்பனையை அந்நாடு 2022இல் சட்டமியற்றியே தடுத்துவிட்டது. கடுகுத் தலையணை இந்தக் காரணத்தினாலேயே வேண்டாம். தூளியைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டியின் புடவையில் ஆடுகிற குழந்தையின் சுகத்தை அறியாதவனல்ல நான். ஆனால் துணி குழிந்து, முகவாய் மார்பில் அழுந்தினால் சின்னஞ்சிறு சிசுவுக்கு மூச்சுத் திணறும். ஆகவே குறுக்கே கட்டை கொடுத்துத் தூளியை அகலமாக்கி, பகலில், ஒருவர் கண்பார்வையில் சற்று நேரம் ஆட்டலாம். இரவுத் தூக்கம் தாயின் பக்கத்தில், சமதளத்தில் இருக்கட்டும்.

வேண்டாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவுடரின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கண்ணுக்குத் தீட்டும் கடைமையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். திருஷ்டிக்குத்தான் வேண்டுமென்றால் பாதத்தில் ஒரு பொட்டு வையுங்கள். தொப்புள்கொடியில் எண்ணெயோ சாம்பலோ பவுடரோ படாமல் உலரவிட வேண்டும். சக்கர நடைவண்டியை கனடா 2004இல் அடியோடு தடைசெய்தது. மாடிப்படியும் குளியலறைத் தண்ணீர் வாளியும் அடுத்தடுத்து இருக்கிற நம் வீடுகளில் அது இன்னும் ஆபத்து. நடைபாதையே இல்லாத நம் புறநகர்த் தெருக்களில் தள்ளுவண்டி எங்கே ஓடும்? அரசுப் பெட்டகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் அவசியம் வாங்கச் சொல்வேன்: உடல்வெப்பமானி. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ந்தால் கஷாயமும் காத்திருப்பும் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரயாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் சென்றால் பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி வகுத்தது. அந்த வயதுக்கும் குறைந்த சிசுவை மடியில் வைத்துக்கொண்டு லாரிகள் விரையும் புறவழிச்சாலையில் ஸ்கூட்டரில் போவதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவித்தவர்களை வீட்டில் கொண்டுவிட 102 என்ற இலவச வாகனம் இருக்கிறது. சொந்தக் கார் உள்ளவர்கள் தள்ளுவண்டிக்குச் செலவிடும் பணத்தில் குழந்தை ஆசனம் வாங்குவதே புத்திசாலித்தனம்.

இப்படி வேண்டாதவற்றை நீக்கிய பிறகு மிஞ்சுகிற பணம் கணிசமானது. அது தாயின் பேரில் செலவாக வேண்டும் என்பதே என் கட்சி. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் கீரையையும் பழத்தையும் மறுத்து அவளை வாடவிடாமல், பூண்டுக் குழம்பும், அசைவம் உண்ணும் வீடுகளில் பால்சுறாப் புட்டும், வயிறார இரண்டு வேளைப் பாலும் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து தாயார் வர முடியாத வீட்டில், குளிப்பாட்டித் துணி துவைத்துக் கொடுக்க நம்பகமான ஓர் ஆயாவை இரண்டு மாதத்துக்கு அமர்த்துவது, எந்த மின்சாதனத்தையும்விடப் பிரயோஜனமானது. பெற்றவள் தொடர்ந்து நான்கு மணி நேரம் உறங்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு நேரும் மனச்சோர்வை, சோம்பலென்றும் பிடிவாதமென்றும் குடும்பத்தார் எண்ணிவிடுகிறார்கள். காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சை செய்யத்தக்க வியாதி. அதைக் கண்டுகொள்ள வீட்டில் ஒருவர் விழிப்போடு இருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியரான தந்தைக்குப் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அப்படியொரு பொதுச்சட்டம் இல்லை. ஆதலால் கணவன் சேர்த்து வைக்க வேண்டிய பொருள்களில் தன்னுடைய விடுப்பு நாள்களும் ஒன்று.

சுகாதாரத் துறை இனி எந்தப் பெயரில் பெட்டகம் வழங்கினாலும், ஷாம்புவையும் பொம்மையையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெப்பமானியையும் ஒரு பாலாடையையும் வைக்கட்டும். தாய்க்கான மூன்றை ஒருபோதும் எடுக்க வேண்டாம். அதற்கு மேலும் ஒரு காரியம் உண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பேறுகாலச் சட்டம் முதலிரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு அளிப்பதோடு, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும், தாய் அங்கே நாளொன்றுக்கு நான்குமுறை சென்றுவர அனுமதிக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையோ சிறு ஆலைகளாலானது. இருபது பேரும் முப்பது பேருமாக வேலை செய்கிற பட்டறைகளை அந்த விதி தொடுவதில்லை. பத்துப் பதினைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு தெருவுக்கு ஒரு பொதுக் காப்பகம் நடத்த முடியும். அதற்கு உற்பத்தியாளர் சங்கம் ஓர் அறையையும், மாநகராட்சி ஒரு செவிலியையும் அளித்தால், ஏழாம் மாதத்தில் வேலைக்குத் திரும்பும் பெண் இடைவேளையில் நடந்து போய்ப் பாலூட்டிவிட்டு வரலாம்.